செம்புதான் என்று சொன்னேன்

சிவப்பு வயர் சுருளை மாலைபோல் கழுத்தில் போட்டுக்கொண்டு, "எப்படிடா, மாப்ள மாதிரி கீறனா?" என்று பாவா என் கடை வாசலில் நின்றது அப்படியே கண்ணில் இருக்கிறது. பாவா என்றால் அக்கா வீட்டுக்காரர். பதினைந்து வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர், அப்போதுதான் சொந்தமாக ஒரு வேன் எடுத்திருந்தார். மறுநாள் மலையடிவாரத்தில் வண்டிக்குப் பூஜை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக்காரர்களை ஏற்றிவர வேண்டும், பாட்டு அதிர வேண்டும். ஆம்ப்ளிஃபயரும் பாஸ் பாக்ஸும் வாங்கியாகிவிட்டது. பேட்டரியிலிருந்து பின்சீட்டுவரை கரண்ட் கொண்டுபோகும் வயர் மட்டும் என் பொறுப்பு.

வண்டிகளுக்கு ஸ்டீரியோ மாட்டுவது என் பிழைப்பு. அந்த வேலையில் வயர்தான் உயிர். அன்று கடையில் இருந்ததோ மேலுக்குச் செம்பு பூசிய அலுமினியம். பார்வைக்குப் பருமனாக, பளபளவென்று இருக்கும். பெரிய ஆம்ப்ளிஃபயரின் இழுப்புக்குத் தாங்காது, சூடேறிவிடும். அசல் செம்பு சென்னையிலிருந்து வர இரண்டு நாளாகும். மச்சான் கடையில் இல்லாததே இல்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிற மனிதரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "செம்பு தானேடா?" என்று கேட்டார். "ஆங், செம்புதான் பாவா" என்றேன். கிருத்திகை முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், வெறும் சோம்பல்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பள்ளிப்பட்டில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சீட்டுக்கு அடியில் புகைந்திருக்கிறது. எரிகிற வயரை வலது கையால் பிடுங்கப் பார்த்திருக்கிறார். வண்டி எலும்புக்கூடாகிவிட்டது. கை ஆறியும் விரல்கள் மடங்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்கும் கதை அத்தோடு முடிந்தது. "எலி கடிச்சிருக்கும், வுடு" என்று அழுத அக்காவைத் தேற்றினார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த எலி நான்தான் என்று இத்தனை வருஷமாகச் சொல்லத் துப்பில்லை எனக்கு.

இப்போது அவர் ஒரு ஸ்கூட்டர் ஸ்டாண்டில் இடது கையால் சீட்டு கிழித்துக் கொடுக்கிறார். போன மாதம் புதுக் கார் வாங்கிய ஒருவரைக் கடைக்கு அழைத்து வந்தார். "என் வண்டிய எலி கெடுத்துச்சிங்க, இவன் வேலைல ஒரு குறை சொல்ல முடியாது. கண்ண மூடிகினு குடுங்க" என்றார். நான் தலை நிமிராமல் வயரை எடுத்து, முனையைப் பிளேடால் சுரண்டினேன். அந்தத் தீக்குப் பிறகு வந்த பழக்கம் அது.

"என்னாத்துக்குடா சொரண்டற?"

"உள்ளயும் செம்பானு பாக்கறேன் பாவா."

பாவா வேலை முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு கடைப் பக்கம் வரவில்லை.