சுருட்டி வைத்த கேபிள்

துணிக் கிடங்கில் அவளுக்கு வாய்ப்பூட்டு என்று பெயர். கேபிள் இழுத்து கம்ப்யூட்டர்களுக்கு இணைப்பு கொடுப்பது அவள் வேலை. கூரைப் பலகையை விலக்கித் தலையை உள்ளே நுழைத்துவிட்டால், கீழே யார் என்ன கேட்டாலும் பதில் வராது. காது மட்டும் கீழேயே இருக்கும். கேட்டதை மறக்கும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவள் லீவு போட்ட ஒரு நாளில், அதே கிடங்கில் வேலை பார்த்த அவள் அக்கா பில் போடும் கம்ப்யூட்டருக்கு இணைப்பு போனது. சரக்கறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர், கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் தானே சோதனை போட்டார். இருபது மீட்டரில் கம்பி அறுந்திருப்பதாகத் திரை காட்டியது. ஸ்விட்ச் இருந்த அறையிலிருந்து தரையோடு அளவு டேப் பிடித்தார். இருபது மீட்டர் நேராக அக்காவின் மேசையடியில் போய் நின்றது.

"நாற்காலிய உருட்டியே கேபிளை நசுக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கியாம்மா?" என்றார், அத்தனை பேர் முன்னாலும். முதலாளி அக்காவை இனி வர வேண்டாம் என்றுவிட்டார்.

"விடுடி, வேற இடம் பார்த்துக்கறேன்" என்று அக்கா வீட்டில் மூக்கைச் சிந்தினாள். தங்கை அந்தக் கேபிள் போன வழியை மனசுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தாள்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போய், சரக்கறை இரும்பு அலமாரியின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள். பார்த்ததை முதலாளியின் காதில் மெதுவாகப் போட்டிருக்கலாம். போடவில்லை. ஆட்கள் வந்து, பில் மேசை முன் வரிசை நீளும்வரை பொறுத்திருந்தாள்.

"அண்ணே, டேப் நுனியைக் கொஞ்சம் பிடிங்களேன்."

"அட, பூட்டு திறந்துடுச்சே!" என்று ஸ்டோர்காரர் சிரித்தார்.

அவள் தரையில் அளக்கவில்லை. ஸ்விட்ச் அறையிலிருந்து கேபிள் போன வழியே போனாள். சுவர் ஏறி, கூரைக்குள் தானே சுருட்டிக் கட்டி வைத்திருந்த உபரிக் கேபிளையும் அவிழ்த்து அளந்து, சரக்கறைச் சுவர் வழியாக இறங்கினாள். அக்காவின் மேசை இன்னும் தள்ளி எங்கோ இருந்தது. இருபது மீட்டர் அலமாரிக் காலடியில் முடிந்தது. கால் கேபிளின் மேல் ஏறி நின்றது.

"இதை யாருய்யா இங்க நகர்த்தினது?" என்றார் முதலாளி.

"ஸ்டோர் அண்ணன்தான் தள்ளச் சொன்னாரு" என்றான் மூட்டை தூக்குபவன்.

ஸ்டோர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வரிசையில் முணுமுணுப்பு ஏறியது. "சீக்கிரம் மாத்திக் கொடும்மா" என்றார் முதலாளி.

"பில் போட ஆள் வரட்டும் சார்." அவள் ஏணியை மடக்கினாள். "எல்லார் முன்னாடியும் பழி போட்டவரே, எல்லார் முன்னாடியும் கூப்பிடட்டும்."

முதலாளி பார்த்த பார்வையில் ஸ்டோர்காரர் போனை எடுத்தார். "தப்பு என்னோடதுதான்மா... வேலைக்கு வந்துடு" என்றார், தொண்டைக்குள்ளேயே.

வாய்ப்பூட்டு அருகில் நின்றிருந்தாள். அக்கா அழுவது போனுக்கு வெளியே அவளுக்கே கேட்டது.

"இன்னும் சத்தமா அண்ணே" என்றாள். "அக்காவுக்குக் கேட்கலையாம்."