நான் வெட்டிய அட்டவணை

செங்கல்பட்டு ஸ்டேஷனில் பட்டணத்து ரயிலுக்காக நின்றிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பியூன் ஆறுமுகம் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "சார், உங்க பத்திரிகையில கத எழுதிகினு இருந்தாரே சயன்ஸ் வாத்தியாரு, அவரு காலையில பூட்டாரு" என்றார். மார்வலியாம். வயது நாற்பத்திரண்டு. ரயில் வந்தது, நான் ஏறவில்லை. ஆறுமுகம் சொன்ன 'கத'தான் அன்று முழுவதும் காதைக் குடைந்துகொண்டிருந்தது. ஞானப்பிரகாசம் தம் ஆயுளில் ஒரு கதைகூட எழுதியவரல்லர்.

இரங்கல் கூட்டத்திலும் இதே கூத்துதான். நல்ல சிறுகதையாசிரியரை இழந்தோம் என்று மூன்று பேர் உருகினார்கள். அவரை அறிந்த உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். பத்திரிகை ஆசிரியனான நான் வாயில் கொழுக்கட்டையை அடக்கியவன்போல் மேடையில் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தீர்கள்.

எங்கள் மாதப் பத்திரிகையில் நான்கு வருஷம் எழுதினார். சவரம் செய்யும்போது தோன்றியது, பஸ்ஸில் காதில் விழுந்த பாட்டு, படித்த கதை, எதுவானாலும் சயன்ஸ் கண்ணால் பார்த்து இரண்டு பக்கம் தருவார். ஒரு முறை எங்கள் தொடர்கதையில் நடுநிசிக்குப் பௌர்ணமி நிலா எழுந்துவிட்டது. முழுநிலா பொழுது சாயும்போதே எழுந்துவிடும், கதாநாயகி அதுவரை எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அடுத்த இதழில் கேட்டார். தொடர்கதைக்காரர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. இவரோ, "கதையில பொய் சொல்லலாம் சார், அதுக்குத்தானே கதை. அதுக்காக நிலாவை நம்ம இஷ்டத்துக்கு இழுக்கலாமா?" என்றார்.

சங்கீதத்தையும் அவர் சும்மா விடவில்லை. மாசி மகத்தன்று மகாபலிபுரம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காகச் சுவாமி வரும். ஊரெல்லாம் கடலில் முழுகும்போது, இவர் நாகஸ்வரக்காரர் வேணுவின் பக்கத்தில் வெப்பமானியும் இசைக்கவையுமாக நிற்பார். தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் அந்த இரும்புக் கவையைக் காதோரம் வைத்துக் குழலோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். முதல் வருஷம் நானும் கூடப் போயிருந்தேன்.

"இன்னா வாத்தியாரே, சாமிய வுட்டுட்டு எங்குழலையே பாத்துகினு கீற?" என்றார் வேணு.

"போகப் போக உன் சுருதி ஏறுதுப்பா."

"ஊதினா குழலு சூடாவும், சூடானா சுருதி ஏறும். இது எங்க நைனாவுக்கே தெரியுமே."

"எவ்வளவு ஏறும்?"

அந்த 'எவ்வளவு'க்காக ஞானப்பிரகாசம் மூன்று மாசி மகம் மணலில் நின்றார். வேணுவும் அவருக்காக நடுநடுவே ஒரே சுரத்தைப் பிடித்து நிறுத்தி ஊதுவார். மூன்றாம் வருஷம் கணக்கு முடிந்தது. வேணுவின் பேச்சையும் சேர்த்துக் கட்டுரையாக எழுதி, அட்டவணையோடு எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். இன்னொரு பிரதியைச் சென்னையில் ஓர் ஆராய்ச்சிச் சபைக்கு அனுப்பினார்.

அந்தப் பங்குனி இதழுக்குச் சிறுகதை தருவதாகச் சொன்னவர் கைவிரித்துவிட்டார். அட்டையோ 'சிறுகதை' என்ற அறிவிப்போடு முன்பே அச்சாகிவிட்டது. வேறு அட்டை போட மனமில்லை. கட்டுரையில் ஆட்கள் பேசுகிறார்களே, இதுவே போதும் என்று அட்டவணையை வெட்டினேன், மேலே 'சிறுகதை' என்று போட்டேன். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. நானும் பூரித்துப்போனேன்.

இரண்டு மாதம் கழித்து, சபை திருப்பியனுப்பிய கட்டுரையோடு அச்சாபீசுக்கு வந்தார். முன்பே கதையாக வெளிவந்ததை ஆராய்ச்சியாக ஏற்பதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. "ஒரு வரி போடுங்க சார், அது கதை இல்லேன்னு. அந்த இதழை அவங்களுக்கு அனுப்பிக்கிறேன்" என்றார்.

"அடுத்த இதழ்ல பார்க்கலாம்" என்றேன்.

பார்க்கவில்லை. என் பத்திரிகை பொய் சொன்னது என்று நானே அச்சடிப்பதாவது என்ற வீம்பு. மூன்று இதழ்கள் பார்த்துவிட்டு அவர் கேட்பதை நிறுத்தினார், எழுதுவதையும் நிறுத்தினார். தெருவில் பார்த்தால் வணக்கம் மட்டும் சொல்வார்.

வீம்பு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் மாட்டேன். ஞானப்பிரகாசம் செய்யூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவர். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியும், அவருக்குச் சங்கீதத்தில் என்ன தெரியும் என்று எங்கள் தெருவில் கேட்டவர்கள் உண்டு. நான் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் அதே அட்டவணையை எங்கள் தெருக்காரர் ஒருவர் கொடுத்திருந்தால் அதன்மேல் கத்தரி வைத்திருப்பேனா? மாட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவருடைய இசைக்கவை பள்ளிக்கூடத்துச் சொத்து, அலமாரிக்குத் திரும்பிவிட்டது. சபை திருப்பியனுப்பிய பிரதியை அவரே கிழித்துப்போட்டார் என்று அவர் மனைவி சொன்னார். மிச்சம் இருப்பது நான் வெட்டியெடுத்த அந்த ஒரு தாள். என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. மூன்று மாசி மகம், நாலு பத்தி எண்கள், ஒரு அடித்தல்கூட இல்லாத கையெழுத்து. அடுத்த பக்கத்தில் அதை அப்படியே அச்சிட்டிருக்கிறேன். அவர் கேட்ட வரியும் இதோ:

சென்ற ஆண்டுப் பங்குனி இதழில் சிறுகதை என்று வெளியானது கதையல்ல.

கம்போஸ் செய்ய இரண்டு நிமிஷம் பிடித்தது. அனுப்பிக்கொள்ள அவர் இல்லை.