தூணில்லாத பள்ளிவாசல்

எனக்கு ஐம்பத்தாறு முடிந்துவிட்டது. பெற்றது நான்கு, நாத்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து ஆறு பேரை ஆளாக்கியிருக்கிறேன். எதற்கும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. அப்படிப்பட்ட என்னை, என்னைப் பெற்ற அத்தா ஒரே ஒரு முறை ஊரார் முன்னால் கை நீட்டி அடித்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது.

பூந்தமல்லிப் பக்கம் எங்கள் பழைய பள்ளிவாசல் ஓடு வேய்ந்தது. உள்ளே வரிசையாகக் கருங்கல் தூண்கள். பெரியவர்கள் ஆளுக்கொரு தூணைப் பிடித்து வைத்துக்கொண்டு சாய்ந்திருப்பார்கள். ஒரு மழையில் கூரை இறங்கியது. புதிதாகக் கட்டும் வேலை மேஸ்திரியான அத்தாவிடம் வந்தது. சவூதியிலிருந்து யாரோ கொண்டுவந்த காலண்டரில், கவிழ்த்த கிண்ணம் போல் பெரிய கும்மட்டம் வைத்த பள்ளிவாசல் ஒன்று இருந்தது. அதைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றார்கள். படத்தைப் பார்த்தே அத்தா கட்டி முடித்தார், உள்ளே ஒரு தூண்கூட இல்லாமல்.

கும்மட்டத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்த அன்றே பேச்சு கிளம்பிவிட்டது. சிலருக்கு அது தண்ணீர்த் தொட்டி, சிலருக்கு சினிமாக் கொட்டகை. தாய்மாமா எங்கள் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா மச்சான், காலண்டர்ல வெளிய தான தெரியுது. உள்ள எத்தினி தூணு கீதுன்னு எவன் பாத்தான்?"

"நிக்கும் மாமே. நா சொல்றேன்ல."

விழுந்தால் உயிர்ப்பலி. விழாமல் நின்றும் ஆட்கள் உள்ளே போக மறுத்தால், இனி ஒரு கொல்லைச் சுவர் எழுப்பக்கூட அத்தாவைக் கூப்பிடமாட்டார்கள். அம்மா இதை அடுப்பிடம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முதல் வெள்ளிக்கிழமை. செருப்புகள் கிடக்கும் வாசலில் நின்று பார்த்தேன். வந்தவர்கள் எல்லோரும் சுவரோரமாக ஒட்டிக்கொண்டார்கள். நடுவில் புது மொசைக் தரை வெறுமையாக மின்னியது. தொழுகைக்கு முந்தைய பயான் உரை நடக்கும்போது மேலிருந்து ஒரு சிமென்ட் பொருக்கு விழுந்தது. சுண்டைக்காய் அளவுதான். அந்தச் சத்தத்துக்கே ஓரத்தில் இருந்தவர்கள் இன்னும் ஓரமானார்கள்.

தொழுகைக்கு எழுந்தார்கள். வரிசையில் சந்து விடக்கூடாது, தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். தொழவைக்கும் அஜரத்து திரும்பிப் பார்த்தார்.

"நடுவுல இத்தினி எடத்த உட்டுகினு நின்னா நா ஆரம்பிக்க மாட்டேன்."

யாரும் அசையவில்லை. அத்தா மட்டும் நடந்துபோய்க் கும்மட்டத்துக்கு நேர் கீழே நின்றார். இரண்டு பக்கமும் ஆளில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்று, தோள் எட்டாததால் இடுப்போடு ஒட்டிக்கொண்டேன். அத்தா குனிந்து பார்த்தார். கன்னத்தில் பளாரென்று ஓர் அறை. தள்ளிய வேகத்தில் மொசைக்கில் வழுக்கி வாசல் பக்கம் வந்து விழுந்தேன்.

"பொட்டப் புள்ள போய் நிக்குது, நாம செவுத்த கட்டிகினு கீறோம்" என்று முணுமுணுத்தபடி மாமா போய் அத்தாவின் தோளை ஒட்டி நின்றார். அவர் பின்னாலேயே மற்றவர்கள். இடம் நிறைந்தது.

கும்மட்டம் இன்றைக்கும் நிற்கிறது. அன்று எல்லோரும் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மகளைக் கண்டிப்பாக வளர்க்கிறார் என்று அதையும் சேர்த்துப் புகழ்ந்தார்கள். ஆண்கள் வரிசையில் போய் நின்றதற்கு அடி என்றே நானும் நினைத்தேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அவர் மௌத்தாகி, அடக்கம் செய்து வெகுகாலம் கழித்து, ஒரு மத்தியானம் அரிசியில் கல் பொறுக்கும்போதுதான் உறைத்தது. கும்மட்டம் நிற்கும் என்று நம்பியிருந்தால் அதன் அடியிலிருந்து என்னை அவ்வளவு பலமாக ஏன் தள்ள வேண்டும்? அத்தாவுக்கே அது நிச்சயமில்லை.

போதும் கண்ணு, நா சொல்லச் சொல்ல நீ எழுதுனத படிச்சிக் காட்டு. அத்தா அறைஞ்ச எடத்த மட்டும் மெதுவா படி.