மணலில் நின்ற நாணல்

சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் உப்புக்காற்றும் வெயிலும் ரோஜா, குரோட்டன்ஸ் எதையும் விட்டுவைக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், சிங்கப்பெருமாள் கோயில் நர்சரி ஒன்றிலிருந்து நாணல் போன்ற ஒரு செடி வாங்கி வந்தேன். இலை கிடையாது, உருண்ட பச்சைத் தண்டுகள் மட்டும். மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விட வேண்டும் என்றார்கள். மதிலோரம் வரிசையாக நட்டேன். முழங்கால் உயரம் வளர்ந்தது. எங்கள் மணலில் பிழைத்த ஒரே செடி அதுதான்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் வீட்டையும் செடிகளையும் பக்கத்து வீட்டில் ஒப்படைப்பது எங்கள் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர் கும்பகோணம் பக்கம். அந்தக் கோடையில் அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபோது செடிகளைச் சுற்றி வரப்புக் கட்டியிருந்தார். உள்ளே தண்ணீர் தளும்பியது.

"நாணலாச்சே சார், ஆத்தங்கரை ஜாதி. மணல்ல தண்ணி நிக்கல. ஏரிக் களிமண்ணை ஸ்கூட்டர்ல கொண்டாந்து போட்டேன்."

"ரொம்ப நன்றி சார்" என்றேன்.

அதன் பிறகும் தினமும் வாளியோடு வந்தார். அலுவலகப் பேருந்துக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு தண்டின் அடியையும் விரலால் அழுத்திப் பார்ப்பேன். சில கொழகொழத்தன. வேலையில் மனம் ஓடவில்லை.

மனைவி செங்கல்பட்டுக்காரி. "ஊத்தாதீங்கன்னு சொல்றதுக்கு இன்னா கஷ்டம்? சாவி குடுக்கத் தெரிது, வாயத் தொறக்கத் தெரில."

"அப்ப நீ சொல்லேன்."

"நானா? அவரு வூட்டு அக்கா மூஞ்சில எப்புடி முழிக்கறது?"

ஞாயிறு காலை ஒரு தண்டு கையோடு வந்தது. அழுகல் நாற்றம். அவர் வாளியோடு நின்றிருந்தார். தண்டை நீட்டினேன். முகர்ந்து பார்த்தார்.

"எப்பலேந்து சார் இப்படி?"

"நீங்க ஊத்த ஆரம்பிச்சதுலேந்து."

வாளியைக் கீழே வைத்தார். "இத்தனை நாளும் பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

அவரே வரப்பைக் காலால் உடைத்துவிட்டார். இருவரும் செடிகளைப் பிடுங்கி, அழுகியதை அறுத்து, கெட்டியானவற்றை நிழலில் உலர வைத்தோம். ஒவ்வொன்றையும் எடுத்து, "இது தேறுமா சார்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். வாளித் தண்ணீரைத் தன் முருங்கைக்கு ஊற்றினார்.

சில நாள் கழித்து, களிமண்ணை அள்ளிவிட்டு, காய்ந்த மணலில் மறுபடி நட்டேன். அவர் தினமும் காலையில் மதிலுக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போவார். குருத்து வந்த அன்று நானே அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.