துக்க வருடத்தில் சுட்ட விவிக்கம்

புதுச்சேரியில் எதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு வாய் ஓயாது. நீள ரொட்டியைக் கத்தி தொடவே கூடாது. சூடு ஆறுமுன் கையால் பிய்த்து, பால் விடாத காப்பியில் முக்கி, அது ஊறிக் கோப்பைக்குள் விழுவதற்குள் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வினிகர் ஊற்றிச் சமைத்த பன்றிக்கறியை ஆக்கிய அன்றே தொடுகிறவன் அவசரக்குடுக்கை. மறுநாள்தான் அது கறி. கிறிஸ்துமஸுக்குச் செய்யும் விவிக்கம் கேக்குக்கு இன்னும் பொறுமை வேண்டும். ரம்மில் ஊறிய திராட்சையும் நெய்யில் வறுத்த ரவையும் ஒன்றுக்குள் ஒன்று இறங்க மூன்று நாளாவது ஆகும். பஞ்சாலையில் எழுத்து வேலை பார்க்கிற ஆளுக்கு நாக்கு மட்டும் கவர்னர் நாக்கு என்று என் மனைவி கேலி செய்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ஆலைவிட்டு முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்து நானே சோறு வடிப்பேன், நானே குழம்பு வைப்பேன். உப்பு கூடிப்போனால் குறை சொல்லக்கூட எதிரில் ஓர் ஆள் வேண்டுமே! பேசாமல் தின்றுவிட்டுக் கை கழுவுவேன். மற்ற நேரத்தையெல்லாம் எப்படியோ ஓட்டிவிட்டேன். சாப்பாட்டு வேளைதான் என்னைக் கொன்றது.

டிசம்பர் வந்ததும் எனக்கு ஒரு வெறி பிடித்தது. அவள் செய்த விவிக்கத்தை நானே செய்ய வேண்டும், அவள் கை ருசி ஒரு தடவையாவது இந்த வீட்டுக்குள் திரும்ப வர வேண்டும். வருடா வருடம் முட்டை அடித்துக் கொடுத்தவன் நான்தானே, என்னென்ன போடுவாள் என்று எனக்குத் தெரியாதா? கை கடுக்க அடித்தேன். கேக் சுடுகிற அடுப்பு வீட்டில் ஏது? தெருவே மாவைத் தட்டில் ஊற்றி ரொட்டிக் கடைக்குத்தான் கொண்டுபோகும். ரொட்டி எடுத்த சூட்டில் அவர்கள் சுட்டுத் தருவார்கள். பெண்களுக்கு நடுவே என் தட்டோடு நானும் நின்றேன். பேச்சு சட்டென்று நின்றது. ஒருத்தி ஏதோ கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். ஆம்பிளை தட்டு தூக்கி வந்ததைப் பார்த்துக் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்தேன், மடையன்.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகைப் பலகாரம் செய்யமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அவள் ருசி மேல் இருந்த ஆசையில் புத்தி அங்கே போகவே இல்லை. கட்டினவளை அதற்குள் மறந்துவிட்டான் என்று தெரு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வீட்டுக்குப் புதிதாக ஒருத்தி வந்துவிட்டாள் என்றுகூடப் பேசினார்களாம்.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்து வந்து, கதவைத் திறந்துவைத்து, நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்தேன். துணி மூடிய தட்டுகள் எங்கள் வாசலைத் தாண்டி இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்குமாகப் போய்க்கொண்டே இருந்தன. மத்தியானம் வரை ஒருவரும் படியேறவில்லை. முதலில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அழுது முடித்து, விவிக்கத்தில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது அவள் செய்தது மாதிரி இருக்கிறதா? யோசித்தேன், யோசித்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் தெருவில் அவரவர் விவிக்கம் அடுத்தவர் வீட்டுக்குப் போகும். நம் வீட்டில் நாம் தின்பது மற்றவர்கள் அனுப்பியது. எங்களுடையதையும் அவள் கடைசித் துண்டு வரை தட்டில் வைத்து அனுப்பிவிடுவாள். ஓரத்துக் கருகல் ஏதாவது மிஞ்சினால் நான் வாயில் அடக்கிக்கொண்டு, வந்த கேக்குகளில் எதில் ரவை வேகவில்லை, எதில் ரம் போதவில்லை என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருப்பேன். பதினாலு வருடம் இப்படித்தான் போயிருக்கிறது.

ஒரு தட்டில் நாலு துண்டு வைத்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் பெண் என் மனைவியோடு கூடப்பிறந்தவள் போலப் பழகியவள். என்னைப் பார்த்ததும் முகம் கடுத்தது. இதைச் செய்தது நான்தான், அவள் ருசி வருமா என்று பார்க்கத்தான் செய்தேன், எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை, நீதான் சொல்ல வேண்டும் என்றேன். அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு ஒரு துண்டை எடுத்து, கண்ணை மூடி, மெதுவாக மென்றாள்.

"அக்கா எலுமிச்சந்தோலு துருவிப் போடுவாங்கண்ணே. இதுல அது இல்ல" என்றாள். சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

என் மனைவி எலுமிச்சம்பழம் துருவி நான் பார்த்ததே இல்லை. வாசற்படியிலேயே நின்றேன்.

"இன்னும் என்னம்மா இல்ல? ஒண்ணொண்ணா சொல்லு" என்று கேட்டேன்.