ஓட்டுக் கேட்க வந்தவர் டிரம்மைத் திறந்தார்

அவர் ஜெயிக்க வேண்டுமா, தோற்க வேண்டுமா? இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

சிவகாசியில் எங்கள் தெருவுக்குச் சுகாதார ஆய்வாளராக வந்துகொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கிறார். மாலையும் கழுத்துமாக வந்து கும்பிட்டவர், பழக்க தோஷத்தில் எங்கள் தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார்.

"என்னம்மா, கொசுப்புழு நெளியுது! கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு இப்படியா போட்டு வைப்பீக?"

"சார், ஓட்டக் கேளுங்க" என்று கெஞ்சினார் கூட வந்த தொண்டர்.

"ஓட்டு கெடக்குலே, மொதல்ல டிரம்மக் கவுத்து!"

தொண்டர்கள் தேய்த்துக் கழுவினார்கள். சின்னத்தைச் சொல்லாமலே அவர் அடுத்த வீட்டு டிரம்முக்குப் போய்விட்டார்.

காய்ச்சல் வந்துவிடுமோ என்று மகனின் நெற்றியை நொடிக்கொரு தரம் தொட்டுப் பார்ப்பவள் நான். தோற்றால், வேலை இல்லாவிட்டாலும் பழக்க தோஷத்தில் அவர் வந்து மூடியைத் திறப்பார். ஜெயித்து டெல்லிக்குப் போய்விட்டால் யார் திறப்பார்கள்? அடுத்த வாரம் வாக்குப்பதிவு. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்களேன்.