ஜெனீற்றா ஓடிய வழிகள்

யாழ்ப்பாணக் கோட்டையடிக்கு ஒருநாள் விடியக் காலமை போய்ப் பாருங்கள். மதிலைச் சுற்றின புல்வெளியிலும் பண்ணைக் கடலோரத்திலும் பட்டணத்துச் சனம் ஓடிக்கொண்டிருக்கும். டொக்டர்மார் ஓடுவார்கள், வங்கிக்காரர் ஓடுவார்கள், காதில் வயரைச் செருகிக்கொண்டு பொம்பிளைப் பிள்ளைகள் ஓடுவார்கள். ஒருவரும் ஒருவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பண்ணைப் பாலத்தைத் தாண்டி எங்கள் தீவுப் பக்கம் வந்தால்தான் கதை வேறு. இங்கே ஒருத்தி ஓடினால் அவளுடைய காலைப் பார்க்கமாட்டார்கள், தாலி இருக்கிறதா என்று கழுத்தைப் பார்ப்பார்கள்.

ஜெனீற்றாவின் கழுத்தில் தாலி இல்லை. அது ஒன்றுதான் அவள் செய்த குற்றம்.

எங்கள் மீன்பிடித் துறை அல்லைப்பிட்டிக்கு அங்காலே இருக்கிறது. துறை ஒழுங்கையின் முகப்பில் எனக்கு ஒரு தேத்தண்ணிக் கடை. ஜெனீற்றா என் பக்கத்து வளவுக்காரி. பள்ளிக்கூடக் காலத்தில் வெறுங்காலோடு ஓடிப் பெரிய பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பின்னால் விட்டவள். பிறகு அன்ரனிதாஸைக் கட்டினாள். அவன் ஒரு மார்கழிப் புயலில் கடலுக்குப் போய்ச் சவமாகத்தான் கரைக்கு வந்தான்.

அதோடு இவளுக்கு மூச்சு அடைக்கத் தொடங்கியது. படுத்தால் எழும்பி இருப்பாள். பெரியாஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்து, நெஞ்சில் ஒரு வருத்தமும் இல்லை, நடவுங்கோ என்று அனுப்பிவிட்டார்கள். நடந்தாள். நடந்து நடந்து ஒருநாள் ஓடத் தொடங்கிவிட்டாள்.

"ஓடினால்தான் அக்கா எனக்கு மூச்சு வருகுது. ஓடாட்டி நெஞ்சுக்கு மேலை ஆரோ ஏறி இருக்கிறமாதிரிக் கிடக்கு. விசர் பிடிச்சிடும் எண்டு பயமாக் கிடக்கு," என்றாள் என்னிடம். நான் நம்பினேன். ஓடிவிட்டு வரும்போது அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

காலமையை விட்டால் அவளுக்கு வேறு நேரம் இல்லை. பொழுது ஏறினால் நண்டு உடைக்கும் கொம்பனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். திரும்பி வர இருட்டிவிடும். அந்த நேரம் றோட்டு முழுக்கக் குடிகாரர். ஆகவே விடியற்புறத்தில் துறை ஒழுங்கையால் இறங்கி, கரையோரமாக ஓடி, பெரிய றோட்டில் ஏறிப் பாலம் வரைக்கும் போவாள். அங்கே நின்று தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரிகிற பட்டணத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

எங்கள் ஆம்பிளைகள் தொழிலுக்கு வெளிக்கிடுகிற நேரமும் அதுதான்.

வெளிக்கிடும்போது எதிர்ப்படுகிற முதல் முகத்தை முழுவியளம் என்பார்கள். நல்ல முகம் என்றால் மீன் படும். தாலியறுத்தவள் என்றால் திரும்பி வந்து, கொஞ்ச நேரம் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வாங்கில் இருந்து நெஞ்சில் சிலுவை போடுகிற ஆட்கள்தான் இதையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால், அது வேறை இது வேறை அக்கா என்பார்கள். கோதாரி!

சம்மாட்டி இராசநாயகம்தான் முதலில் வாயைத் திறந்தவர். துறையில் பாதி வள்ளம் அவருடையது. மீன் படாத ஒரு கிழமையில் என் கடை வாசலில் வைத்து ஜெனீற்றாவை மறித்தார்.

"பிள்ளை, நீ ஓடுறதெண்டால் வேற பக்கத்தாலை ஓடு. எங்கட வயித்திலை அடியாதை."

அவள் தலை குனிந்துகொண்டு வழியை மாற்றினாள். பனங்காணிக்குள்ளால் சுற்றிப் பெரிய றோட்டுக்குப் போனாள். அந்தப் பக்கம் வீடுள்ள இரண்டு பேருக்கு அங்கேயும் அவள் முகம்தான் தெரிந்ததாம். பனங்காணி நெடுக முள்ளு வெட்டிப் போட்டார்கள். பிறகு சாட்டிக் கரைப் பக்கம் திரும்பி ஓடினாள். அங்கே கரைவலைக்காரருக்கு ஆரோ போன் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் நாயை அவிழ்த்து விட்டார்கள். நாய் கடித்த காலோடு அவள் கொம்பனிக்குப் போய் நின்று நண்டு உடைத்தாள். ஒரு மனிசப் பிறவியை இப்படியும் கலைப்பார்களா?

கடைசியாக ஒருநாள் இராசநாயகத்தின் ஆட்கள் அவருடைய வாடியில், அந்த வலைக் கொட்டிலில், மீன் கழுவின தண்ணியைக் கொண்டுவந்து அவளுக்கு மேலே ஊற்றினார்கள். அன்றைக்குத்தான் ஜெனீற்றாவின் சத்தத்தைத் துறை முதன்முதலாகக் கேட்டது.

"ஒருநாளைக்கு உங்கட வாடி வாசலிலையே வந்து நிண்டு முழிக்கிறன் பாருங்கோ! அப்ப என்ன செய்வியள் எண்டு பாப்பம்!"

ஆத்திரத்தில் சொன்னது. எனக்கென்றால் சந்தோசமாக இருந்தது, இன்னும் இரண்டு சொல்லடி என்று மனதுக்குள் சொன்னேன். அந்தச் சொல்லை அவர்கள் மறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இராசநாயகத்துக்கு ஒரே மகன், றெக்ஷன். புங்குடுதீவில் கம்சிகா என்ற சைவப் பெட்டையை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தவன். துறையில் ஜெனீற்றாவைக் கண்டால் முகத்தைத் திருப்பாத ஒருவன் அவன்தான். "ஜெனீற்றாக்கா, இண்டைக்கு ஆர் முதலாவது?" என்று பகிடி விடுவான். பாலத்தடியில் தண்ணீருக்குள் தடி ஊன்றிச் சிறகுவலை கட்டியிருந்தான். மற்றவர்கள் வெளிக்கிட முன்னரே தனியாகப் போய் வலை பார்த்துவிட்டு வருவான்.

அன்றைக்கு ஜெனீற்றா பனங்காணி முள்ளைத் தாண்டிப் பாலத்துக்குப் போயிருக்கிறாள். கீழே வள்ளம் ஆளில்லாமல் மிதந்தது. றெக்ஷன் கழுத்தளவு தண்ணீரில் வலைத்தடி ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். காலில் வலை சுற்றிவிட்டது. பாலத்துக்குக் கீழே நீரோட்டம் ஆளையே உருட்டும். கடல் வற்றி முடிந்து திரும்ப வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு நீந்தத் தெரியாது. எங்கள் பெண்களில் யாருக்குத் தெரியும்? றோட்டில் ஒரு வாகனம் இல்லை. போன் வீட்டில். அவளிடம் இருந்தது கால்கள் மட்டும்தான்.

"பிடிச்சுக்கொள்ளடா, நான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்!" என்று கத்திவிட்டு ஓடினாள்.

பனங்காணி வழி சுற்று. துறை ஒழுங்கை கிட்ட. அவள் துறை ஒழுங்கையில் இறங்கினாள்.

நான் கேத்திலை அடுப்பில் வைக்கிறேன், அவள் என்னைத் தாண்டிப் போகிறாள். "அக்கா, பாலத்தடி, றெக்ஷன், தண்ணிக்கை," என்று மூச்சுக்குள்ளால் சொன்னது எனக்கு விளங்கியது. கேத்திலைப் போட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன். எனக்கு எங்கே ஓட்டம்? என் உடம்பும் முழங்கால் வருத்தமும்! அவளோ பறந்துவிட்டாள்.

துறையில் ஆம்பிளைகள் வலையோடு நின்றார்கள். அவள் வருவதைக் கண்டதும் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பினார்கள்.

"சொன்ன மாதிரியே வந்திட்டாள் மூதேசி! வாங்கோடா உள்ளுக்கை. இருந்திட்டுப் போவம்," என்றார் இராசநாயகம். எல்லோரும் வாடிக்குள் போய்த் தகரக் கதவைச் சாத்தினார்கள்.

அவள் கதவில் அடித்தாள். ஓடி வந்த ஓட்டத்தில் மூச்சு இல்லை. "அண்ணை… அண்ணை…" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. உள்ளே அந்தோனியார் படத்துக்குக் கீழே வரிசையாக இருந்துகொண்டு செம்பைக் கைமாற்றித் தண்ணீர் குடித்தார்கள். கடைசியில் அவளுக்கு ஒரு சொல் வந்தது.

"றெக்ஷன்!"

உள்ளே இருந்து இராசநாயகத்தின் குரல் வந்தது. நான் என் காதால் கேட்டேன். "என்ர பிள்ளையின்ர பேரையும் காலமை உன்ர வாயாலை எடுக்கிறியோ? போடி நாசமறுப்பே!"

நான் வந்து சேர்ந்து, கதவைக் காலால் உதைத்து, "அறுவான்களே, பெடியன் பாலத்தடியிலை தாழுறான்!" என்று கத்தினதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. செம்பு அப்போதும் இராசநாயகத்தின் கையில்.

வள்ளங்கள் பறந்தன. தண்ணீர் அவன் தலைக்கு மேலே ஏறியிருந்தது. கை இன்னும் தடியைச் சுற்றியிருந்ததாம். விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுத்தார்களாம். துறையே ஐயோ என்று கத்தியது. நான் ஜெனீற்றாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அழக்கூட இல்லை.

செத்த வீட்டில் என்ன கதைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அவள் வாடி வாசலில் வந்து முழித்ததால்தான் பெடியன் போனானாம். அவன் தண்ணீருக்குள் மாட்டுப்பட்ட பிறகு அல்லவா அவள் வந்தாள் என்று கேட்டேன். பாலத்தில் முதலில் அவனைக் கண்டதும் அவள்தானே என்றார்கள். தண்ணீர் குடித்த கதையை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. ஜெனீற்றாவைப் படலைக்குள் வரவிடவில்லை. அவள் றோட்டில் நின்று சவப்பெட்டி போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை. இரவில் அவள் எழும்பி இருந்து மூச்சுக்கு அடிபடுகிற சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

இராசநாயகம் வீட்டில் கம்சிகாவைக் குசினிக்குப் பின்னால் இருந்த அறைக்குள் விட்டார்கள். "மாமா வெளிக்கிடேக்கை முன்னுக்கு வராதை பிள்ளை," என்று மாமி பக்குவமாகச் சொன்னாவாம். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை!

ஒருநாள் விடியப்புறம் கம்சிகா பின்வேலியால் வந்து ஜெனீற்றாவின் வாசல் குந்தில் இருந்தாள். நான் தேத்தண்ணியோடு போனேன்.

"அக்கா, நீங்கள் பாக்கேக்கை அவர் உயிரோடையோ நிண்டவர்?"

ஜெனீற்றா என்னைப் பார்த்தாள். 

"ஓம். என்னைக் கண்டு கையைக் காட்டினவர். என்னைக் கண்டு சிரிச்சவர், பிள்ளை."

"பிறகேன் அக்கா?"

 நான் சொன்னேன். வாடியையும் சொன்னேன், கதவையும் சொன்னேன், செம்பையும் சொன்னேன். ஊர் மூடி வைத்தால் நானும் மூடி வைக்க வேண்டுமா? அவள் அழாமல் முழுதும் கேட்டாள். பிறகு எழும்பி, பின்வேலியால் போகாமல், ஒழுங்கையால் நேரே நடந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது, பின்னாலே போனேன்.

இராசநாயகம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அப்போதுதான் படலையைத் திறந்தார். முன்னால் மருமகள், வெறுங்கழுத்தோடு.  திரும்பி விறாந்தைக்குப் போய்க் கதிரையில் இருந்தார். மாமி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தா.

கம்சிகா முற்றத்தில் நின்று சொன்னாள். "குடியுங்கோ மாமா. அண்டைக்கும் அவர் தாழேக்கை இப்பிடித்தானே இருந்து குடிச்சனீங்கள்."

இராசநாயகம் அவளைப் பார்த்தார்.  பிறகு செம்பை வாயில் வைத்துக் குடித்தார். குடித்துவிட்டு, அவளைப் பார்க்காமல் கடலுக்குப் போனார்.